வர்ஜீனியாவில் 87 மைல் வேகத்துக்கு டிக்கெட்: கட்டித் தொலைக்கலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?

எடிசன்வாசி · டிசம்பர் 3, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் தடவை, அதுவும் இப்படி ஒரு விஷயத்துக்காக.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நியூ ஜெர்சியிலிருந்து நார்த் கரோலைனாவுக்கு, கேரியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் காரில் போனோம். ஐ-95இல் வாஷிங்டன் நெரிசலில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து, ரிச்மண்ட், பீட்டர்ஸ்பர்க் எல்லாம் தாண்டியதும்தான் ரோடு காலியானது. இரண்டு பக்கமும் பைன் மரம், பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள், வீட்டம்மாவும் தூக்கம். விட்ட நேரத்தைப் பிடிக்கலாம் என்று அழுத்தினேன். லிமிட் மணிக்கு 70 மைல். நடுவில் மரத்தடியில் நின்ற ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்) வண்டியை நான் பார்ப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். ரேடாரில் 87.

மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். பத்து நிமிஷத்தில் மளிகைக்கடை ரசீது மாதிரி நீளமான ஒரு தாளைக் கொடுத்து, "கையெழுத்துப் போடுவது தப்பை ஒப்புக்கொள்வதாக ஆகாது, வருவேன் என்ற உறுதி மட்டும்தான்" என்றார். ஜனவரி கடைசியில் ஒரு தேதி போட்டிருக்கிறது.

17 மைல்தானே அதிகம்? ஆன்லைனில் இருநூறோ முந்நூறோ கட்டிவிட்டு மறந்துவிடலாமா? அந்தக் கோர்ட் எங்கள் வீட்டிலிருந்து 380 மைல். போய் வாதாடினால் ஏதாவது குறையுமா? வீட்டில் "கட்டிட்டு வேலையைப் பாருங்க" என்கிறார்கள்.

பழையசோறு · டிசம்பர் 3, இரவு 11:05

கட்டிடுங்க பாஸ். 380 மைலுக்கு பெட்ரோல் போடுற காசே அவ்வளவு ஆகும்.

நேர்வழி · டிசம்பர் 3, இரவு 11:31

87இல் போனீர்களா, இல்லையா? போனேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதை வைத்து வாதாடுவது? செய்ததற்குக் கட்டுவதுதான் மரியாதை.

ரிச்மண்ட் அண்ணாச்சி · டிசம்பர் 4, காலை 6:15

தம்பி, எதையும் கட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். குற்றம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது? பக்கத்தில் சட்டப்பிரிவு எண் என்ன? கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்திருந்தால் மட்டும்தான் கோர்ட்டுக்கு வராமல் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். அதில் டிக் இருக்கிறதா?

எடிசன்வாசி · டிசம்பர் 4, காலை 8:50

ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து இப்போதுதான் படித்தேன். "ரெக்லெஸ் டிரைவிங்" என்று இருக்கிறது, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டினேனாம். பிரிவு 46.2-862. கட்டம் காலி.

வேக டிக்கெட் என்றுதானே நினைத்தேன்?

ரிச்மண்ட் அண்ணாச்சி · டிசம்பர் 4, மதியம் 12:20

நினைத்தேன். அதனால்தான் கேட்டேன்.

வர்ஜீனியாவில் இரண்டு கோடு உண்டு. லிமிட்டுக்கு மேல் 20 மைலோ அதற்கு மேலோ போனால் ரெக்லெஸ். லிமிட் என்னவாக இருந்தாலும் 85ஐத் தாண்டினாலும் ரெக்லெஸ். 70 மைல் ரோட்டில் 86 என்பது வெறும் 16 மைல்தான் அதிகம், ஆனால் இரண்டாவது கோட்டைத் தாண்டியாச்சு. வெளியூர்க்காரர்கள் மாட்டுவது முக்கால்வாசி இங்கேதான். நியூ ஜெர்சி டர்ன்பைக் டோல் ரோட்டில் எல்லாரும் 80இல் போகிறார்களே என்ற பழக்கத்தில் இங்கேயும் வந்து கூட ஒரு ஆறு ஏழு மைல் அழுத்துவார்கள். 2020 ஜூலை வரைக்கும் அந்தக் கோடு 80ஆக இருந்தது. நானே 2014இல் 65 மைல் ரோட்டில் 83இல் போய் மாட்டினவன்.

பெயரில்தான் விஷயம். சாதாரண வேக டிக்கெட் என்றால் அது டிராஃபிக் மீறல், ஃபைனோடு போச்சு. ரெக்லெஸ் இங்கே கிளாஸ் 1 மிஸ்டிமீனர். அதாவது கிரிமினல் குற்றம். சட்டப்படி அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் ஃபைன், ஆறு மாதம் வர்ஜீனியாவில் ஓட்டத் தடை. பயப்படாதீர்கள், பழைய ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் 87க்கு யாரும் உள்ளே தள்ளுவதில்லை. ஆனால் தண்டனை சின்னதோ பெரியதோ, குற்றவாளி என்று எழுதிவிட்டால் எழுதியதுதான். இங்கே டிஎம்வி (லைசென்ஸ் ஆபீஸ்) ரெக்கார்டில் 11 வருஷம் கிடக்கும்.

ஆன்லைனில் கட்டலாமா என்று கேட்டீர்கள். போய்ப் பாருங்கள், உங்கள் வழக்குக்குக் கட்டும் வழியே இருக்காது. ரெக்லெஸை முன்கூட்டிப் பணம் கட்டி முடிக்க முடியாது. நீங்கள் போக வேண்டும், அல்லது உங்கள் சார்பில் லாயர் போக வேண்டும்.

பழையசோறு · டிசம்பர் 4, மதியம் 12:41

யப்பா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

எடிசன்வாசி · டிசம்பர் 4, மதியம் 1:10

சாப்பாடு இறங்கவில்லை. கிரீன் கார்டுக்கு ஐ-485 போட்டுக் காத்திருக்கிறேன். கிரிமினல் என்றால் அது என்ன ஆகும்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கேரி மீனாட்சி · டிசம்பர் 4, மாலை 5:45

முதலில் வீட்டில் சொல்லுங்கள் அண்ணா. எப்படியும் தெரியத்தான் போகிறது. எப்படி என்று இன்னும் ஒரு வாரத்தில் உங்களுக்கே புரியும் :)

இமிக்ரேஷன் விஷயத்தில் என் கணவருக்கு 2019இல் இதே வர்ஜீனியாவில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். நான் லாயர் இல்லை. அந்த ஃபாரத்தில் கைதானீர்களா என்று மட்டும் கேட்பதில்லை, சம்மன் வாங்கியிருக்கிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். அதனால் முடிவு எதுவானாலும் மறைக்கக் கூடாது. வேகத்துக்காகப் போடும் ரெக்லெஸைப் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்ற வகையில் சேர்ப்பதில்லை, அதனால் மட்டும் கார்டு போய்விடாது என்றுதான் எங்கள் இமிக்ரேஷன் லாயர் சொன்னார். ஆனால் கேட்கும்போது காட்டக் கையில் தாள் வேண்டும். வழக்கு முடிந்த அன்றே கிளார்க் ஜன்னலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அன்றைக்கு வாங்காமல் வந்து, மூன்று வருஷம் கழித்து அந்தக் கோர்ட்டுக்குத் தபால் போட்டுப் போட்டு அலுத்துப்போனோம்.

உங்கள் இமிக்ரேஷன் லாயரிடம் இன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

நேர்வழி · டிசம்பர் 4, இரவு 9:00

சட்டம் கடுமையாக இருப்பது புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். 87இல் போனவர் லாயரை வைத்து, 79 என்று வேகத்தைக் குறைத்து எழுதி வாங்குவது என்ன நியாயம்? காசு இருப்பவனுக்கு ஒரு வேகம், இல்லாதவனுக்கு ஒரு வேகமா?

என் அத்தை மகன் உளுந்தூர்ப்பேட்டை பக்கத்தில் பைபாஸைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துப் போய்விட்டான். அந்தக் காரை ஓட்டியவரும் "ரோடு காலியாக இருந்தது" என்றுதான் சொன்னார். அதனால் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும். மன்னிக்கவும்.

எடிசன்வாசி · டிசம்பர் 4, இரவு 9:40

மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். நீங்கள் சொல்வது சரி. பின்னால் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் 87இல் போனேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ரிச்மண்ட் அண்ணாச்சி · டிசம்பர் 5, காலை 6:30

நேர்வழி, உங்கள் கோபத்தில் தப்பில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். இதே 87ஐ இவர் தன் ஊர் டர்ன்பைக்கில் 65 லிமிட்டில் போயிருந்தால் 22 மைல் அதிகம், அதாவது இதைவிட மோசம். அங்கே அது வேக டிக்கெட், லைசென்ஸில் 4 தண்டனைப் பாயிண்ட், ஃபைன். இங்கே 17 மைலுக்குக் கிரிமினல். ஓட்டினதுக்குத் தண்டனையே வேண்டாம் என்று இவர் கேட்கவில்லை. எந்தப் பெயரில் தண்டனை என்பதுதான் பேச்சு. அதைக் கேட்கத்தான் கோர்ட் இருக்கிறது.

காசு இருப்பவன் கதை உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிறைக்கு வாய்ப்பிருக்கும் குற்றம் என்பதால் வசதி இல்லாதவர் கோர்ட்டிடமே லாயர் கேட்கலாம், ஆனால் அதற்கும் நேரில் வந்து நிற்க வேண்டும். லீவு கிடைக்காதவன்பாடு திண்டாட்டம்தான்.

கணக்குப்பிள்ளை · டிசம்பர் 5, காலை 10:05

நியூ ஜெர்சி பார்சிப்பனியிலிருந்து. பாயிண்ட் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

ரெக்லெஸுக்கு வர்ஜீனியா போடும் 6 பாயிண்ட் அப்படியே உங்கள் நியூ ஜெர்சி லைசென்ஸில் வந்து உட்காராது. வெளி மாநிலத்தில் செய்த ஓட்டுநர் மீறலுக்கு நம்ம ஊரில் 2 பாயிண்ட். ஒரு வருஷம் எந்தத் தப்பும் இல்லாமல் ஓட்டினால் 3 பாயிண்ட் கழியும். டிஃபென்ஸிவ் டிரைவிங் வகுப்பு எடுத்தால் 2 கழியும். ஆக பாயிண்டுக்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் வேற கணக்கு. அவர்கள் பாயிண்டை மட்டும் பார்ப்பதில்லை, குற்றத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். "வேகம்" என்று ஒரு வரி, "ரெக்லெஸ்" என்று ஒரு வரி, இரண்டுக்கும் அவர்கள் போடும் விலை வேறு வேறு. அப்புறம் நீங்கள் கன்சல்டிங்கில் இருந்தால் புது கிளையண்ட் பேக்ரவுண்ட் செக் எடுக்கும்போது மிஸ்டிமீனர் கண்ணில் படும். ஃபைனைவிட அதுதான் செலவு.

குயின்ஸ்_குமரன் · டிசம்பர் 5, காலை 11:15

நியூயார்க் லைசென்ஸ்காரர்களுக்கு வெளி மாநில வேக டிக்கெட்டுக்குப் பாயிண்டே ஏறாது. கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக் மட்டும் விதிவிலக்கு. ஆனால் அதைக் கேட்டுவிட்டு டிக்கெட்டைக் குப்பையில் போட்ட நண்பன் ஒருவன் இருக்கிறான். பதில் சொல்லாமல் விட்டால் அந்த மாநிலம் நம்ம மாநிலத்துக்குச் சொல்லி லைசென்ஸையே நிறுத்திவைக்கும், அதற்கென்று மாநிலங்களுக்குள் தனி ஒப்பந்தம் இருக்கிறது. அவனுக்கு அது தெரிந்தது பிரான்க்ஸில் இன்னொரு போலீஸ் நிறுத்தியபோதுதான்.

ஸ்காபரோ சுதன் · டிசம்பர் 5, மாலை 7:30

கணக்குப்பிள்ளை அண்ணை சொன்னதைப் பார்த்திட்டு எங்கட கனடாப் பிள்ளைகளும் ரெண்டு பொயின்ற்தானே என்று நினைக்க வேண்டாம். போன கோடை நியூ ஜெர்சியில ஒரு கலியாண வீட்டுக்குப் போகும்போது பஃபலோ தாண்டி நியூயோர்க் த்ரூவே நெடுஞ்சாலையில 65 லிமிட்டில 82 என்று ரிக்கற் தந்தாங்கள். அமெரிக்க ரிக்கற் எங்களுக்கு என்ன செய்யும் என்று காசைக் கட்டிப்போட்டு வந்திட்டன். காசு கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. நியூயோர்க்குக்கும் மிச்சிகனுக்கும் ஒன்ராறியோவோட உடன்படிக்கை இருக்கு. இங்கேயே நடந்த மாதிரி மூன்று பொயின்ற் ஏறிச்சுது. காப்புறுதிக்காரன் புதுப்பிக்கிற நேரம் கடுதாசி அனுப்பினபோதுதான் தெரியும். தபாலிலேயே குற்றவாளி இல்லை என்று எழுதி அனுப்பி, தவணை கேட்டு, குறைச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம் என்று பிறகு மச்சினன் சொன்னான். பிறகு சொல்லி என்ன.

எடிசன்வாசி அண்ணை, தாளை வடிவாக வாசித்தது நல்லது.

எடிசன்வாசி · டிசம்பர் 10, இரவு 8:20

மீனாட்சி, எப்படித் தெரியும் என்று இப்போது புரிந்தது.

இன்று தபால்பெட்டியைத் திறந்தால் 14 கடிதம். எல்லாமே வர்ஜீனியா லாயர்கள். ஒன்றில் உறையின் மேலேயே சிவப்பு எழுத்தில் "நீங்கள் சிறைக்குப் போகலாம்". அதைத்தான் வீட்டம்மா முதலில் எடுத்தார். கோர்ட் ரெக்கார்டு எல்லாருக்கும் திறந்து கிடக்கிறதாம், பெயரைப் போட்டால் இணையத்திலேயே வழக்கு வருகிறது. இரண்டு மணி நேரம் பேச்சு வாங்கினேன். அப்புறம் அவரே கடிதங்களைப் பிரித்து, ஃபீஸ் குறிப்பிட்டவை ஒரு பக்கம், பயமுறுத்தல் மட்டும் உள்ளவை ஒரு பக்கம் என்று அடுக்கினார்.

இன்னொரு சந்தேகம். சம்மனில் என் பெயர் தப்பாக இருக்கிறது. தப்பு என்றால், அப்பா பெயர்தான் எனக்கு லாஸ்ட் நேம், ஆனால் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இதை வைத்தே தள்ளுபடி வாங்கலாம் என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் "போலீஸ் வரமாட்டான், வராவிட்டால் வழக்கு போச்சு" என்கிறார்.

ரிச்மண்ட் அண்ணாச்சி · டிசம்பர் 10, இரவு 9:55

ஆபீஸ் ஆலோசனை! எழுத்துப் பிழையை ஜட்ஜ் பேனாவால் திருத்திவிட்டு மேலே போவார். ட்ரூப்பர் வருவார். ஒவ்வொருவருக்கும் மாதத்தில் இந்த நாள் கோர்ட் என்று இருக்கும், தான் பிடித்த எல்லாருக்கும் அந்த நாளைத்தான் போட்டுக் கொடுப்பார். உங்களோடு சேர்த்து இருபது பேருக்காக அவர் அன்றைக்கு அங்கே இருப்பார்.

உண்மையில் பார்க்கவேண்டிய இடங்கள் வேறு. ரேடார் சரியாகக் காட்டுகிறது என்பதற்கான சோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதை உங்கள் லாயர் கேட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் உங்கள் காரின் ஸ்பீடோமீட்டர். அதைச் சோதித்த சான்றிதழைக் கொண்டுவந்தால் கோர்ட் அதை ஏற்றுப் பார்க்க வேண்டும் என்று இங்கே சட்டத்திலேயே இருக்கிறது.

கார்ப்பைத்தியம் · டிசம்பர் 10, இரவு 10:30

ஸ்பீடோமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியிலிருந்து வரும் கார்களில் முள் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். நீங்கள் 87இல் போனபோது டாஷ்போர்டில் 89 காட்டியிருந்தால் அந்தச் சான்றிதழ் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். டயர் சைஸ் மாற்றியிருக்கிறீர்களா? பழையதைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் முள் குறைத்துக் காட்டும், அப்போது மட்டும் காசு செலவழித்துச் சோதிக்கலாம். ஜிபிஎஸ் வேகத்தையும் முள்ளையும் வைத்து நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், லிமிட்டுக்குள்.

எடிசன்வாசி · டிசம்பர் 12, இரவு 7:15

பார்த்தேன். முள் 65, ஜிபிஎஸ் 63. அந்தக் கதவு மூடியாச்சு.

கணக்குப்பிள்ளை · டிசம்பர் 12, இரவு 8:00

சரி, கூட்டிப் பார்ப்போம். நீங்கள் தனியாகப் போய் நின்றால்: போகவர 760 மைல், 25 கேலன் பெட்ரோல், ஏறக்குறைய 80 டாலர். டோல் தனி. காலை 9 மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் முந்தின ராத்திரி ஒரு மோட்டல். இரண்டு நாள் லீவு. லாயர் மட்டும் போனால் அவர் ஃபீஸ், அவ்வளவுதான், நீங்கள் ஆபீஸில் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு செலவும்.

நான் என்றால் லாயரை மட்டும் அனுப்புவேன். உள்ளூர் லாயருக்கு அந்த ஜட்ஜின் மனசு தெரியும், நாம் கூகுளில் படித்துவிட்டுப் போய் என்ன பேசப் போகிறோம்.

ரிச்மண்ட் அண்ணாச்சி · டிசம்பர் 12, இரவு 9:10

87க்கு லாயர் மட்டும் போதும் என்பது பல கோர்ட்டில் நடக்கும். 95, 100 என்றால் ஆளே வந்து நிற்க வேண்டும் என்பார்கள், சில மாவட்டங்களில் 100ஐத் தாண்டினவனுக்கு ஓரிரு நாள் ஜெயில் நிஜமாகவே உண்டு. லாயரிடமே கேளுங்கள். ஆனால் ஃபீஸை முதலில் கேட்காதீர்கள். "இந்தக் கோர்ட்டில் மாதம் எத்தனை நாள் நிற்கிறீர்கள்" என்று கேளுங்கள். ரிச்மண்டிலிருந்து வருபவரைவிட அந்த ஊரிலேயே இருப்பவர் நல்லது.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் மேலே இருக்கும் சர்க்யூட் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், அங்கே வழக்கு முதலிலிருந்து நடக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

எடிசன்வாசி · டிசம்பர் 19, இரவு 10:00

மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் போனை எடுத்ததும் கிரெடிட் கார்டு நம்பர் கேட்டார். இன்னொருவர் கண்டிப்பாகத் தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்றார், அதனாலேயே விட்டுவிட்டேன். மூன்றாமவர் வயதானவர், கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஆபீஸ். ரொம்ப மெதுவாகப் பேசினார். "தள்ளுபடி கிடைக்காது, குறைக்கலாம்" என்றார். மூன்று வேலை கொடுத்திருக்கிறார். நியூ ஜெர்சி டிரைவிங் ரெக்கார்டு எடுக்க வேண்டும், 15 டாலர். எட்டு மணி நேர டிரைவர் வகுப்பு ஆன்லைனில் முடிக்க வேண்டும், ஜட்ஜ் சொல்வதற்கு முன்னாலேயே. மூன்றாவதாக, முடிந்தால் நேரில் வரச் சொன்னார். வராவிட்டாலும் நடக்குமாம், வந்தால் அந்த ஜட்ஜுக்குப் பிடிக்குமாம்.

போகப் போகிறேன். மேலே நேர்வழி எழுதியதும் ஒரு காரணம். 380 மைல் தள்ளி யாரோ எனக்காக நின்று பேசிக்கொண்டிருக்க, நான் இங்கே மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை.

நேர்வழி · டிசம்பர் 19, இரவு 10:25

நல்லது. பார்த்துப் போய்வாருங்கள்.

எடிசன்வாசி · ஜனவரி 30, இரவு 11:20

போய்விட்டு வந்தாச்சு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

கோர்ட் வாசலில் மெட்டல் டிடெக்டர். போன் உள்ளே கூடாது. லாயர் நம்பர், ரெக்கார்டு பிடிஎஃப், வகுப்புச் சான்றிதழ் எல்லாமே போனில்தான் இருந்தது! நல்லவேளை, வீட்டம்மா எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு, காரின் பின்சீட்டில் வைத்திருந்தார். போனைக் காரில் வைத்துவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே சர்ச் மாதிரி நீள பெஞ்சுகள். எண்பது பேராவது இருந்திருப்பார்கள். நியூ ஜெர்சி, மேரிலாந்து, ஃபுளோரிடா என்று பாதிப் பேர் வெளியூர். லாயர் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார், அவருக்கு அன்றைக்கு என்னைச் சேர்த்து நான்கு பேர். நேராக ட்ரூப்பரிடம் போய்ச் சுவரோரம் நின்று பேசினார். ட்ரூப்பர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு என்னை நினைவிருந்ததா, சும்மா ஆட்டினாரா என்று தெரியவில்லை.

எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன், 98 மைல். லாயர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். ஜட்ஜ் அவனை ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இன்னொரு தேதி தருகிறேன், போய் ஒரு லாயரைப் பார்த்துவிட்டு வா" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் நான் எழுந்திருக்கவே இல்லை. அப்பா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், வாழ்க்கையில் டிவிஎஸ் 50 தவிர வேறு எதையும் ஓட்டாதவர். ரெக்லெஸ் டிரைவிங் என்று அவர் பெயரை மைக்கில் படிக்கிறார்கள். லாயர் என் முழங்கையைத் தட்டின பிறகுதான் எழுந்தேன்.

நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. ட்ரூப்பர் வேகத்தையும் ரேடார் சோதனை பற்றியும் சொன்னார், "ஒத்துழைத்தார்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். லாயர் ரெக்கார்டையும் வகுப்புச் சான்றிதழையும் கொடுத்தார். ஜட்ஜ் கண்ணாடியை இறக்கி, "நியூ ஜெர்சியிலிருந்து இதற்காகவா வந்தீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" ஏழு என்றேன். "அப்படியென்றால் லிமிட்டில்தான் வந்திருக்கிறீர்கள்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

70 மைல் ரோட்டில் 79, சாதாரண வேக மீறல். ஃபைனும் கோர்ட் செலவுமாக இருநூற்றுச் சொச்சம். லாயருக்கு 600. மோட்டல், பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மீனாட்சி சொன்னபடி கிளார்க் ஜன்னலில் நின்று இரண்டு சான்றிட்ட நகல் வாங்கினேன், ஒன்று இமிக்ரேஷன் லாயருக்கு, ஒன்று வீட்டு பீரோவுக்கு.

திரும்பும்போது க்ரூஸ் கண்ட்ரோலை 68இல் போட்டேன். டிரக்குகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போயின. அதே இடத்தில், மரத்தடியில் அன்றைக்கும் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

கேரி மீனாட்சி · ஜனவரி 31, காலை 7:40

அப்பாடா. அப்பாவிடம் சொன்னீர்களா?

எடிசன்வாசி · ஜனவரி 31, காலை 9:05

சொல்வதா! அவர் பெயரில் இப்போது வர்ஜீனியாவில் ஒரு வேக வழக்கு இருக்கிறது.

நேர்வழி · ஜனவரி 31, காலை 9:30

79 என்று எழுதியதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை :) ஆனால் நேரில் போய் நின்றது சந்தோஷம்.

மாரியட்டா_முருகன் · பிப்ரவரி 2, மாலை 6:10

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். ஜார்ஜியாவில் ஐ-75இல் எனக்கு 88 என்று கொடுத்திருக்கிறார்கள், லிமிட் 70. என் லைசென்ஸ் டெக்ஸஸ், இங்கே வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இங்கேயும் கிரிமினலா?

ரிச்மண்ட் அண்ணாச்சி · பிப்ரவரி 2, இரவு 8:00

வர்ஜீனியா கணக்கு அங்கே ஓடாது. தாளை எடுங்கள், பிரிவு எண்ணைப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை · பிப்ரவரி 2, இரவு 8:20

ஜார்ஜியாவில் அதற்கு "சூப்பர் ஸ்பீடர்" என்று பெயர். எந்த ரோடானாலும் 85ஐத் தொட்டால், இரட்டை லேன் ரோட்டில் 75ஐத் தொட்டால், கோர்ட் ஃபைன் போக மாநிலம் தனியாக 200 டாலர் கேட்கும். அந்தக் கடிதம் வழக்கு முடிந்த பிறகு தபாலில் வரும். முகவரி மாறியிருந்தால் கைக்கு வராமலே போகும், கட்டாவிட்டால் ஓட்டும் உரிமையை நிறுத்திவிடுவார்கள். உங்கள் லைசென்ஸில் எந்த முகவரி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மீதியை ஒரு புது இழையில் கேளுங்கள், இது வர்ஜீனியாவுக்கு இருக்கட்டும்.